காற்றுக்குச் சந்தா

வானொலி கேட்பதற்குப் பணம் கட்டலாமா, கூடாதா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது 2005ஆம் ஆண்டின் இறுதியில். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகன் அதைத் தொலைபேசியில் கொண்டுவந்தான்.

"மாமா, வேர்ல்ட்ஸ்பேஸ் எண்டு ஒரு றேடியோ. சற்றலைற்றில இருந்து நேரா வருது. கரகரப்பே இல்லை. அம்மம்மாவுக்கு ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டோ?"

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். எழுபத்தாறு வயது. முப்பது ஆண்டுகள் பாடசாலைகளில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். கண் மங்கிவிட்டது, காது மட்டும் மங்கவில்லை. தொலைபேசியை வாங்கிப் பேரனிடம் விசாரித்தார். கர்நாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று ஓர் அலைவரிசை இருக்கிறதாம்; இரவும் பகலும் ஓயாதாம். தமிழ்ப் பாட்டுக்கு இன்னொன்று. ஆங்கிலச் செய்திக்கு வேறு சில. அம்மா தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தபோது எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது, "இருபத்துநாலு மணித்தியாலமுமாம்" என்றார், யாரிடமும் சொல்லாதவர்போல.

பெட்டிக்கு ஒரு விலை; அதற்குமேல் ஆண்டுச் சந்தா. இரண்டையும் இலங்கைப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். சந்தா கட்டினால் அந்தப் பெட்டியின் பூட்டு திறக்கும். கட்டாவிட்டால் வானத்திலிருந்து ஒலி வந்து விழுந்துகொண்டேயிருக்கும். பெட்டி வாய் திறவாது.

இந்த இடத்தில் மன்னாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வானொலிப் பெட்டிக்கு இவ்வளவு யோசனையா என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். எங்கள் தீவின் நுனியான தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. கப்பல் ஓடிய காலத்தில் சில மணித்தியாலப் பயணம். போர் தொடங்கிக் கப்பல் நின்றபின் மருமகன் எங்களிடம் வரவேண்டுமென்றால் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து மதவாச்சி வழியாக நாள் முழுக்கப் பஸ். மனிதருக்கு அடைபட்ட அந்தக் கடலைக் கடந்து நாள்தோறும் தடையின்றி வந்துபோனது வானொலி ஒன்றுதான். அம்மா இரவில் திருச்சி நிலையத்தைப் பிடிப்பார். காற்று நன்றாக இருந்தால் கச்சேரி முழுவதும் கேட்கும். மழைக்காலத்தில் இரைச்சலுக்கு நடுவே ராகத்தை அவராகவே ஊகித்துக்கொள்வார். "இது தோடி" என்பார். எனக்கு இரைச்சல்தான் கேட்கும்.

அதற்கு முந்திய தலைமுறையில் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அவற்றை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டிவிட்டார். அந்தப் பாட்டுகள் கொழும்பில் குடியேறின. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை இந்தியா முழுவதும் கேட்டது. தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் கேட்டன. 1957இல் டில்லி 'விவித பாரதி'யைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். பணம் யார் கொடுத்தார்கள்? பற்பசைக் கம்பெனிகளும் சவர்க்காரக் கம்பெனிகளும் கொடுத்தன. அந்த விளம்பரங்களைக் கேட்டுக் கேட்டு எங்கள் தலைமுறை எவற்றையெல்லாம் வாங்கியது என்பது வேறு கதை. ஆயினும் பெட்டியுள்ள எவரும் கேட்கலாம். பெட்டியில்லாதவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்கலாம். இதை நான் ஒரு பெரிய ஜனநாயகமாகக் கருதி வந்தேன்.

அந்த எண்ணம் உறுதிப்பட்டது மடுவில். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரம் பேரோடு நாங்களும் மடுத் தேவாலயத்தைச் சுற்றியிருந்த அகதி முகாமுக்குப் போனோம். பொருளாதாரத் தடையால் பற்றறி அந்தப் பக்கம் வரக்கூடாது. மின்சாரமும் இல்லை. பையன்கள் ஒரு சைக்கிளை நிறுத்தி, பின்சக்கரத்தில் டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை டயோட்டுகளால் நேராக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். பௌதிகம் படிப்பித்த எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து தமிழோசை. ஒருவன் மிதிப்பான், நூறு பேர் கேட்பார்கள். மிதிப்பவன் களைத்தால் குரல் தேயும். உடனே இன்னொருவன் ஏறுவான். காதருகே பெட்டியை வைத்துத் தனியாகக் கேட்டவர் எவரும் இல்லை. சொந்த ஊரில் குண்டு விழுந்ததை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தெரிந்துகொள்ளும் அவலத்தையும் அங்கேதான் அறிந்தேன்.

ஆகவே 2005இல் மருமகனின் கேள்வி வந்தபோது என்னிடம் ஆயத்தமான ஒரு பதில் இருந்தது என்றே சொல்லவேண்டும். இருந்தும் நியாயமாக நடக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்காக ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்று எழுதினேன். தாளைப் பாடசாலைக்கும் கொண்டுபோனேன். ஆசிரியர் அறையில் இரண்டு நாள் அதுவே பேச்சு. வரலாறு படிப்பிக்கும் நண்பர், ஐந்து பேர் சேர்ந்து சந்தா கட்டிப் பெட்டியை நூலகத்தில் வைக்கலாம், உயர்தர மாணவர்கள் நல்ல ஆங்கிலம் கேட்பார்கள் என்றார். இன்னொருவர், அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவர்கள் இப்படிச் சந்தா கட்டித்தான் கேட்கிறார்களாம் என்றார். அது உண்மைதான். நகரத்துக்கு நகரம் நிலையம் தேய்ந்துபோகும் அந்தப் பெருந்தேசத்தில் நெடுவழி ஓட்டுகிறவனுக்கு விண்ணிலிருந்து விடாமல் வரும் ஒரு குரல் காசுக்குத் தகும். இருபத்தாறு கிலோமீற்றர் நீளமுள்ள தீவில் சைக்கிள் ஓட்டுகிற எனக்கு?

தீர்ப்பை எழுதியவர் எங்கள் அயலவர், கடலுக்குப் போகிறவர். அந்த ஆண்டுகளில் போர்நிறுத்தம் பெயருக்கு இருந்தாலும் கடலில் கட்டுப்பாடு இருந்தது. பாஸ் வேண்டும், நேரம் உண்டு, திடீரென்று தடை வரும். வலையைச் சீர்பண்ணிக்கொண்டே நான் சொன்ன விவரங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"சேர், இண்டைக்குக் கடல் திறந்திருக்கோ பூட்டியிருக்கோ எண்டு அதில சொல்லுவாங்களோ?"

சொல்லமாட்டார்கள். அத்தனை அலைவரிசைகளில் ஒன்றிலும் பேசாலை என்ற பெயர் வராது, வங்காலை வராது. நான் தாளை மடித்தேன். மருமகனுக்கு வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவிடம், உலகத்துக்குப் பொதுவான காற்றுக்குச் சந்தா கேட்பது அநியாயம் என்றும், கம்பெனியை நம்பமுடியாது என்றும், திருச்சி இருக்கிறதே என்றும் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்.

"சரி தம்பி" என்றார் அம்மா.

அடுத்த ஆண்டு போர் மறுபடி தொடங்கியது. 2007 கார்த்திகையில் அம்மா போனார். கடைசி மாதங்களில் மழையும் இரைச்சலும். வானொலியின் ஊசியை அவர் விரல் நகர்த்திக்கொண்டேயிருந்தது.

கம்பெனியைப் பற்றி நான் சொன்னது பலித்தது. 2008 ஒக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. 2009 டிசம்பர் 31உடன் இந்தியாவில் அதன் சேவை நின்றது. ஏ. ஆர். ரஹ்மானின் இசையோடு விளம்பரப்படுத்தப்பட்ட பெட்டிகள் ஒரே இரவில் ஊமையாயின. அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்களே. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு ஒரு வெற்றி உணர்ச்சி வந்ததை மறைக்கப்போவதில்லை. அது நீடிக்கவில்லை. கம்பெனி வீழ்ந்த செய்தியைப் படித்த கையோடு அதன் பிறப்பையும் தேடிப் படித்தேன். அங்கேதான் என் பிரசங்கம் ஆட்டங்கண்டது.

1990இல் அதைத் தொடங்கிய நோவா சமாரா, எத்தியோப்பியாவில் பிறந்து வாஷிங்டனில் வழக்கறிஞராக இருந்தவர். ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோயால் மக்கள் மடிவதற்கு அறியாமையும் ஒரு காரணம், மின்சாரமும் தொலைபேசியும் போகாத கிராமத்துக்கு வானத்திலிருந்து அறிவைக் கொட்டமுடியும் என்பதே அவர் முதலில் கண்ட கனவு. 1998இல் ஆபிரிக்காவுக்கு 'ஆபிரிஸ்ரார்', 2000இல் நமக்கு 'ஏசியாஸ்ரார்' என்று இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. இரண்டும் பூமத்தியரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஓரிடத்தில் நிற்பதுபோல் நிற்பவை. எங்கள் முற்றத்திலிருந்து கிழக்கே பனைமரங்களுக்கு மேலாக அண்ணாந்து பார்க்கும் திசையில் ஏசியாஸ்ரார் நின்றது. அப்படி ஒரு கோளை நிறுத்தி உலகுக்கு ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, கம்பெனி வங்குரோத்தாவதற்கு ஏழு மாதம் முன்பு கொழும்பில் இறந்தார்.

கனவுக்குப் பணம் போட்டவர்கள் இலாபம் கேட்டார்கள். 2005இல் பங்குகள் நியூயோர்க்குச் சந்தைக்கு வந்தன. பட்டினிக் கிராமம் சந்தா கட்டாது. ஆகவே பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள வசதியான வரவேற்பறைகளை நோக்கிக் கம்பெனி திரும்பியது. ஏழைக்கென்று ஏவிய கோள் பணமுள்ளவனுக்குப் பாடியது. முதலாளித்துவம் இதைவிட வேறென்ன செய்யும் என்று 2005இல் நான் கேட்டிருப்பேன், இப்போதும் கேட்பேன். ஆனால் அதோடு விடயம் முடிந்துவிடவில்லை.

நான் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சுனாமிக்குப் பிறகு, சர்வோதய இயக்கமும் லேர்ண் ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இலங்கையின் 32 கரையோரக் கிராமங்களில் ஓர் ஆபத்து எச்சரிக்கைப் பரிசோதனையை நடத்தின. அதில் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று இதே வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி உண்டு. குறிப்பிட்ட கிராமத்துப் பெட்டிகளுக்கு மட்டும் விண்வழியே அபாயச் செய்தி அனுப்பலாம். கம்பம் சாய்ந்தாலும் கம்பி அறுந்தாலும் அந்த வழி அடைபடாது. நான் என் அயலவரிடம் "சொல்லமாட்டார்கள்" என்று கையை விரித்தேனே, அந்தப் பெட்டியால் சொல்லமுடியும். முடியாமல் போனதற்குக் காரணம் பெட்டியோ கோளோ அல்ல. பூட்டின் திறவுகோல் ஒரு கம்பெனியின் கையில் இருந்ததுதான். அது விழுந்தபோது சங்கீதமும் எச்சரிக்கையும் சேர்ந்து விழுந்தன. நான் செய்ததோ, திறவுகோலைக் கேட்காமல் கதவையே வேண்டாம் என்று திரும்பி வந்தது.

இலவச வானொலி பற்றிய என் பெருமிதமும் பிறகு குறைந்தது. 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1941இல் தொடங்கிய குரல். மடுவில் மிதித்த பையன்களில் ஒருவன் இப்போது கனடாவிலிருந்து அழைத்து, "சேர், இனி மிதிச்சும் பிரயோசனமில்லை" என்றான். சந்தா கேட்காத குரலுக்கும் எங்கோ ஒரு கஜானா இருந்தது. அதன் திறவுகோலும் எங்களிடம் இருக்கவில்லை.

2025 யூலையில் ஸ்ரார்லிங்க் இணையச் சேவை இலங்கைக்கு வந்தது. மறுபடியும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, மறுபடியும் வானத்தை நோக்கிய ஒரு தட்டு, மறுபடியும் சந்தா. நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள். ஆயினும் பழைய பாடசாலையில் படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை, என் மாணவி, என்னைத் தேடி வந்தார். பேசாலைப் பக்கத்து வாடிகளுக்குப் பொதுவாக ஒரு தட்டு வைத்தால் வானிலை எச்சரிக்கை தவறாமல் கிடைக்குமா, பிள்ளைகள் படிக்கலாமா என்று கணக்குப் பார்க்கிறாராம். 2020 டிசம்பரில் 'புரேவி' புயல் இந்தப் பக்கமாகப் போனதை அவர் மறக்கவில்லை. ஒரு குடும்பத்தால் தனியாக அந்தக் கட்டணத்தைத் தாங்கமுடியாது.

அலமாரியில் கிடந்த 2005ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். விலை, சந்தா, செய்தி, ஆங்கிலம், பற்றறி, கம்பெனியின் நம்பகம் என்று எல்லாம் இருந்தது.

"சேர், ஆருக்காக வாங்க நினைச்சனீங்களோ, அவையின்ர பேர் இதில இல்லையே?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி, பின்புறத்தில் முதல் வரியாகக் கடலுக்குப் போகிறவர்களின் தொகையை எழுதத் தொடங்கினார். கட்டணத்தைப் பங்கிடுவதைப் பற்றியும், கடவுச்சொல் யாரிடம் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்கப்போகிறாராம். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின். என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்.