யானை வரும் வழியில் ஒரு கேமரா

கென்யாவின் மசாய் மாராவில் சிங்கங்களைப் படமெடுப்பவர்கள் வண்டியிலிருந்து இறங்குவதே இல்லை. திறந்த புல்வெளி, வண்டிகளைக் குட்டியிலிருந்தே பார்த்துப் பழகிய சிங்கங்கள். டயரின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். பழனி மலையில் அது நடக்காது. பேத்துப்பாறையில் காபிச் செடிகளுக்கு நடுவே இருபதடி தள்ளி யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் படமெடுக்க நேரமும் இருக்காது.

தோட்டத்துக்குள் யானைகள் புகுந்த செய்தி இந்த ஊரிலிருந்து அடிக்கடி வருகிறது. அப்படியொன்றைப் படித்துவிட்டு, யானைகளை ஆராயும் நண்பரிடம் விசாரித்தேன். "யானையைப் படமெடுக்கிற ஆளையே காட்டுறேன், வாங்க" என்றார். பெருமாள்மலையைத் தாண்டிப் போய்ச் சந்தித்த அந்த மனிதர் கையில் அரிவாள் இருந்தது, இடுப்பில் சாம்பல் கட்டிய துணி முடிச்சு இருந்தது. பளியர் பழங்குடியைச் சேர்ந்தவர், ஐம்பதைக் கடந்தவர். தகப்பனார் பாறைத் தேன் எடுத்தவர்.

சாம்பல் காற்றுக்காக. முடிச்சைத் தட்டினால் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார். "நம்ம வாடை அதுக்குப் போயிருச்சுன்னா, தம்பி, நாம தேடிப் போக வேணாம். அதுவே வந்துரும்." யானைத் தடத்தில் கிடந்த லத்தியைக் காலால் பிளந்து, நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். உள்ளே வாழை நார். அப்படியானால் இரவு தோட்டத்தில் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் சோலைக்கு ஏறியிருக்கிறது. முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூலால் அளந்தார். அந்தச் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். இந்தக் கணக்கை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. மரத்தில் யானை முதுகைத் தேய்த்த சேற்று அடையாளத்தோடு அதை ஒத்துப் பார்த்துவிட்டு, "பெருசு. கூட குட்டி இருக்கு" என்றார்.

அதன் பிறகே கேமராப் பெட்டி வெளியே வந்தது. உடற்சூடும் அசைவும் சேர்ந்து பட்டால் தானாகப் படமெடுக்கும் பெட்டி அது. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. புலிக்கு என்றால் முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள். யானைக்கு அப்படிக் கட்டினால் பிடுங்கி மிதித்துவிடும். இவர் மரமேறி, துதிக்கைக்கு எட்டாத உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினார். பெட்டியின் மீது லத்தியைப் பூசினார். முன்னால் இருந்த புல்லை ஒரு தாள் விடாமல் அரிந்தார். வெயிலேறிய புல் காற்றில் ஆடினாலும் பெட்டி படமெடுக்கும். நினைவக அட்டை முழுக்கப் புல்லாகவே நிறைந்துவிடும். கணினியில் படங்களைப் பிரிக்கும் வேலையை நண்பர் விளக்கினார். என் மனமோ இந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டது.

விலங்கு வரும் வழியில் கேமராவைப் பொருத்தி வைக்கும் இந்தத் தந்திரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவுச் சிங்கங்களை ஒளிப்பொடி வெளிச்சத்தில் படமெடுத்தார். 1920-களில் இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, கால் இடறும் கம்பி கட்டி, புலிகள் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். நம்முடைய மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களுக்குக் கூடுதல் துணிச்சல் வேண்டியிருந்தது. பெட்டியை நம்பாமல் அவரே நேரில் நின்றார். இவர்கள் பெயர்கள் எல்லாம் நமக்குத் தெரியும். ஷில்லிங்ஸின் சுமைகளைத் தூக்கிக்கொண்டு சிங்கம் வரும் வழியைக் காட்டிய ஆப்பிரிக்கர்களின் பெயர்கள்?

2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள்; கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். கின்னஸ் சாதனையாக அறிவித்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மரத்தைத் தேர்ந்தெடுத்தது யாராவது ஒருவருடைய கால்கள்தானே? தமிழகக் காடுகளில் அந்தக் கால்கள் பெரும்பாலும் தற்காலிக வாட்சர்களுடையவை, பழங்குடிகளுடையவை. கொடைக்கானலில் விடுதிக்காரர் இவர்களோடு நடப்பதை 'காட்டு உலா' என்று விற்கிறார். வந்த விருந்தாளி காட்டுமாட்டைப் படமெடுத்துப் போகிறார், பரிசும் வாங்குகிறார். மாட்டைக் காட்டியவருக்குக் கிடைப்பது தோட்டக் கூலி. அதிலும் தரகர் தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் கொடுக்கிறார். கேமராவுக்கு வாடகை உண்டு, லென்ஸுக்குக் காப்பீடு உண்டு. மிதிபட்டால் செத்துப்போகக்கூடிய மனிதருக்கு மட்டும் எழுத்தில் ஒரு வரி கிடையாது. திறமைக்குக் கூலி கொடுக்காமல் நடைக்கு மட்டும் கொடுப்பது திருட்டு. விலங்குகளின் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் அது நியாயமாகாது.

மறுநாள் அட்டையை எடுத்து நண்பரின் மடிக்கணினியில் போட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஐந்து யானைகள். சிங்கத்தை அதன் மீசைப் புள்ளிகளை வைத்து அடையாளம் காண்பதுபோல, யானைக்குக் காது ஓரம். கென்யாவின் அம்போசெலியில் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972-இலிருந்து அப்படித்தான் ஒவ்வொன்றையும் அறிந்து வந்தார். நண்பர் படத்தைப் பெரிதாக்குவதற்குள் பளியர் சொல்லிவிட்டார்: "இடது காது கிழிஞ்சது. போன சித்திரையில பீன்ஸ் காட்டுக்கு வந்த அம்மா." குட்டியோடு இருப்பதால் ஓடைப் பக்கமாகத்தான் இறங்கும் என்றார். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு உடனே போனில் சொன்னார்: ராத்திரி காவலுக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம்.

நண்பர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வறிக்கையில் படத்துக்குக் கீழே 'தானியங்கி கேமரா, பேத்துப்பாறை' என்று மட்டும் இருந்தது. கேமராவைக் கட்டியவரின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். நண்பர் மறுக்கவில்லை. ஊர்ப் பெயருக்கு முன்னால் தட்டச்சு செய்துவிட்டு, இனிஷியல் என்ன என்று அவரிடமே கேட்டார்.