தொண்ணூற்றொன்பதில் ஐந்து

நவம்பர் 8, திருக்கோவிலூர்

தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று. வள்ளல் பாரியின் மகளைக் குறுநில மன்னன் மலையமானுக்குக் கொடுத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது, இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. எனக்கு இப்போது வேண்டியது அவருடைய குறிஞ்சிப்பாட்டு. 261 அடி, அதற்குள் 99 பூ. தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் அருவியாடிப் பறித்து வந்து பாறையில் குவித்தவை. வாசிப்புக் கூட்டத்துக்கு அந்தக் குவியலைப் பூவாலேயே வைத்துத் தரக் கேட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 10, கள்ளக்குறிச்சி

கலைப்படைப்பைப் பார்த்துப் பூ அடுக்குவதில் இரண்டு வழி. 1896இல் தொடங்கிய ஊட்டி மலர்க் கண்காட்சியில், 2025இல் சோழர் அரண்மனையையே பூவால் எழுப்பினார்கள். பார்த்ததும் இன்னதென்று தெரிய வேண்டும். அதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1976இல் பிறந்த ‘ஆர்ட் இன் ப்ளூம்’ வேறு மாதிரி. மூல ஓவியம் பக்கத்திலேயே இருப்பதால் பூ அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைவையோ நிறத்தையோ எடுத்துக்கொண்டால் போதும். பாட்டுக்கு உருவமே கிடையாது என்பதால் எனக்கு இரண்டாவது வழிதான்.

நவம்பர் 15, சின்னசேலம்

2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இங்கே பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. ஓர் ஆசாரி வாகைப் பலகையில் கொடிக்கருக்கு இழைத்துக்கொண்டிருந்தார்.

“பூவ மொதல்ல வெச்சிட்டா கொடி போக எடமிருக்காதுங்க. கொடி ஓடட்டும், பூ தானா வந்து உக்காரும்” என்றார்.

வாகை கபிலர் பட்டியலிலும் உண்டு. வெட்டி ஒதுக்கிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பாறைக்குப் பதில் அது.

நவம்பர் 22, வெள்ளிமலை

கச்சிராயபாளையம் வழியாக ஏறினோம். காப்புக்காட்டுக்குள் கை வைக்கவில்லை. சாமைக் கொல்லை வரப்பில் கேட்டுப் பறித்ததுதான் எல்லாம். பட்டியலின் முதல் பூவான செங்காந்தள் வேலியில் ஏறி நின்றது. கொல்லைக்காரப் பாட்டி எச்சரித்தார்: “அதத் தொட்டுட்டுக் கைய வாயில வெக்காத கண்ணு.” கிழங்கிலிருந்து விதை வரை நஞ்சு. ஆவாரை, தும்பை, காக்கணம், சிறுபீளை கிடைத்தன. குளத்துத் தாமரையும் கடலோரத் தாழையும் மலைக் குறிஞ்சியும் ஒரே பாறையில் சேர்வது சொல்லில் மட்டும்தான் நடக்கும். பூவுக்குப் பருவமும் நிலமும் உண்டு. பாட்டு அதைக் கேட்காது.

நவம்பர் 23, கள்ளக்குறிச்சி

கொடியை முதலில் ஓடவிட்டேன். காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றும் என்பதால் பலகை விளிம்பை அதுவே பிடித்துக்கொண்டது. வளைவுகளில் ஆவாரையின் மஞ்சளும் காக்கணத்தின் நீலமும். இடுக்குகளில் தும்பை, பீளை. பலகையில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டேன். பூக்கடைச் சாமந்தியால் நிரப்பியிருக்கலாம். அது பட்டியலில் இல்லை.

பக்கத்தில் 99 பெயர்களையும் எழுதி வைத்தேன். “மீதி எங்கே?” என்று கூட்டத்துக்கு வந்தவர்கள் தேட ஆரம்பித்தார்கள். புன்னாகம் எந்தக் கோயிலில் நிற்கிறது, கொன்றை எப்போது பூக்கும் என்று பேச்சு நீண்டது. ஒரு பெரியவர், “ஆவாரமும் பீளையும் பொங்கல் காப்புல நாங்களே சேத்துக் கட்டுறதுதானே” என்றார். பூவாக ஐந்தும் மரமாக ஒன்றும்தான் நான் வைத்தது. ஆனால் கபிலர் பாட்டை அவர்கள் அன்று படித்தது அந்த வெற்றிடத்தால்தான். நிரப்பியிருந்தால் ‘அழகாயிருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.