டுரான்ட் விழுந்தபோது நான் கைதட்டினேன்

எங்கள் வேர்ஹவுஸ் சாப்பாட்டு அறையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க அதன் கதவில், 'வெள்ளிக்கிழமை உங்கள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துச் செல்லவும்' என்ற அறிவிப்பு மட்டும்தான் தொங்கும். ஏப்ரல் வந்தால் அதன்மேல் இன்னொரு தாள் ஏறும். என்.பி.ஏ. கூடைப்பந்து பிளே ஆஃபில் ஆடும் 16 அணிகளின் பெயர்கள், சுற்றுச் சுற்றாகக் கோடு போட்டு, கடைசியில் சாம்பியனுக்கு ஒரு காலிக் கட்டம். ஆளுக்கொரு நிறப் பேனாவில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் தன் அணியை எழுதவேண்டும். தவறாக எழுதியவர்கள் சேர்ந்து மற்றவர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கித் தரவேண்டும். கொத்துரொட்டி என்பது மட்டும் நான் சேர்த்த விதி. டொரன்டோவின் ஸ்காபரோ பக்கத்தில் தமிழ்க் கடைக்கா பஞ்சம்?

2019-இல் நான் பச்சைப் பேனாவில் 'ராப்டர்ஸ்' என்று எழுதினேன். எங்கள் ஊர் அணி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிலிப்பைன்ஸ்காரர் யோசிக்காமல் 'கோல்டன் ஸ்டேட்' என்று எழுதினார். அவர் ஊரில் கூடைப்பந்து என்பது நமக்குக் கிரிக்கெட் மாதிரி. பெரியவர் ஒருவர், ஜமைக்காக்காரர், 1995-இல் ராப்டர்ஸ் அணி தொடங்கிய நாளிலிருந்து ரசிகர். அவரும் என் கட்சிதான். ஆனால் பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பழைய காயம் அப்படி.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உலகக் கோப்பை அரையிறுதியில் ஒருநாள் சறுக்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம்வரை மோதவேண்டும். முதலில் நான்கு வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். அப்படி நான்கு சுற்று. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவரை இழுக்கும். ஒரு ராத்திரி யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். நான்கு ராத்திரி அடிக்காது. அதனால் எங்கள் வாக்குவாதம் யார் கெட்டிக்காரர் என்பதில் தொடங்கி, யாருடைய முழங்கால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதில் போய் நிற்கும். அப்போது அது எனக்குத் தவறாகவே தெரிந்ததில்லை.

ராப்டர்ஸ் ரசிகனாக இருப்பது பொறுமையைக் கேட்கிற காரியம். 2001-இல் பிலடெல்ஃபியாவோடு ஏழாவது ஆட்டத்தில், ஒரு புள்ளி வித்தியாசத்தில் இருக்கும்போது வின்ஸ் கார்ட்டர் எறிந்த கடைசிப் பந்து உள்ளே போகவில்லை. 2014-இல் புரூக்ளினோடு மறுபடி ஏழாவது ஆட்டம், மறுபடி ஒரு புள்ளி. கைல் லௌரி எறிந்த கடைசிப் பந்தை பால் பியர்ஸ் தடுத்துவிட்டார். அதன்பிறகு 2016, 2017, 2018 என்று மூன்று வருடமும் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் எங்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைசி இரண்டு முறை ஒரு ஆட்டம்கூடத் தராமல். ஊரின் பெயரையே 'லெப்ரான்டோ' என்று மாற்றிக் கேலி செய்தார்கள்.

என் மனைவியின் அண்ணன், எங்கள் மச்சான், இதையெல்லாம் விரல்விட்டுச் சொல்லுவார். "எங்கட ஆக்கள் வெயில் வரும்வரைக்கும்தான் ஆடுவினம், பிறகு வீட்டை போயிடுவினம்" என்பது அவர் கட்சி. மனுஷன் ஒரு ஆட்டத்தையும் தவறவிடமாட்டார்.

2018 கோடையில் அணி நிர்வாகம் யாரும் எதிர்பாராத காரியம் செய்தது. ஒன்பது வருடம் இந்த ஊருக்காக ஆடிய டிமார் டிரோசனைக் கொடுத்துவிட்டு, சான் அன்டோனியோவிலிருந்து கவாய் லெனர்டை வாங்கியது. மற்றவர்கள் விட்டுப் போகப் பார்க்கும் ஊரில் நான் இருக்கிறேன் என்று நின்றவர் டிரோசன். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டிரோசனின் 10-ஆம் எண் சட்டையைக் கழற்றி மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டான். லெனர்டோ முந்தைய வருடம் காயத்தால் ஒன்பதே ஆட்டங்கள் ஆடியவர். ஒப்பந்தத்திலும் ஒரு வருடம்தான் பாக்கி. இங்கே வந்த பிறகும் 82 ஆட்டங்களில் 60-தான் ஆடினார். மிச்சம் ஓய்வு. "டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, அவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பதைப் பார்ப்பதா?" என்று ஜமைக்காக்காரர் புலம்புவார். அந்த ஓய்வின் அருமை மே மாதத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது.

முதல் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஆர்லாண்டோவிடம் தோற்றோம். லௌரி எடுத்த புள்ளி பூஜ்யம். திங்கட்கிழமை பிலிப்பைன்ஸ்காரர் என்னிடம், "சிக்கனா, மட்டனா?" என்று மட்டும் கேட்டார். கொத்துரொட்டியைத்தான்.

பிறகு தொடர்ந்து நான்கு வென்று அந்தச் சுற்றைக் கடந்தோம். இரண்டாம் சுற்றில் மறுபடி அதே பிலடெல்ஃபியா, மறுபடி ஏழாவது ஆட்டம். மே 12, அன்னையர் தினம். 90-90 என்ற நிலையில் கடைசி நொடியில் லெனர்ட் மூலையிலிருந்து எறிந்தார். பந்து வளையத்தில் பட்டு எழும்பியது. மறுபடி பட்டது. மூன்று. நான்கு. பிறகுதான் உள்ளே விழுந்தது. அந்தப் பந்து துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் என் வாழ்க்கையில் நான் செய்த பாவமெல்லாம் ஞாபகம் வந்தது. மச்சான் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது மில்வாக்கி. அந்த வருடம் 60 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த அணி. முதல் இரண்டு ஆட்டங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதை இரண்டு கூடுதல் நேரம் ஆடி நாங்கள் எடுத்தோம். அந்தச் சமயத்தில்தான் ஃப்ரெட் வான்விலீட்டுக்கு மகன் பிறந்தான். அதுவரை எறிந்ததெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தவருக்கு அதற்குப் பிறகு எல்லாம் உள்ளே. "பிள்ளை பிறந்த ராசி" என்றார் அம்மா. அம்மாவுக்குக் கூடைப்பந்து விதி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஆராய்ச்சிகளிலேயே இதைத்தான் மச்சானால் மறுக்க முடியவில்லை.

இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட். நான்கு வருடத்தில் மூன்று முறை சாம்பியன். ஸ்டீஃபன் கரி, கிளே தாம்சன், கெவின் டுரான்ட். ஆனால் டுரான்ட் மே மாத ஆரம்பத்தில் கெண்டைக்காலில் காயப்பட்டு வெளியே இருந்தார். அவர் வந்தால் அவர்கள், வராவிட்டால் நாங்கள். சாப்பாட்டு அறையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. பிலிப்பைன்ஸ்காரர் அவர் பயிற்சி செய்யும் வீடியோவைத் தேடிக் காட்டுவார். நான் அதே வீடியோவில் அவர் நொண்டுகிறாரா என்று பார்ப்பேன். கெண்டைக்கால் தசை ஆற எத்தனை வாரம் பிடிக்கும் என்று போனில் தேடிப் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் விளக்கேற்றி நிற்கும்போது ஒருநாள், "முருகா, அந்த ஆள் இன்னும் பத்து நாள் படுத்திருக்கட்டும்" என்றும் கேட்டேன்.

நான்கு ஆட்டம் முடிந்தபோது நாங்கள் 3-1 என முன்னிலை. இன்னும் ஒன்றே ஒன்று. ஐந்தாவது ஆட்டம் ஜூன் 10, எங்கள் ஊரிலேயே. எங்கள் பேஸ்மென்டில் இருபது பேர். டுரான்ட் வந்தார். ஒரு மாதம் ஆடாத மனிதர் மாதிரியே இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் 11 புள்ளி. மச்சான், "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கிவிட்டார்.

இரண்டாம் கால்பகுதி ஆரம்பம். பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தவர் சட்டென்று நின்றார். வலது காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

நான் கைதட்டினேன். "சரி, முடிஞ்சுது!" என்று கத்தினேன். நான் மட்டுமில்லை, பேஸ்மென்டில் ஐந்தாறு பேர் கத்தினோம். அரங்கத்திலும் ஒரு பகுதியினர் அதையேதான் செய்தார்கள். அப்போது திரையில் லௌரியும் இபாகாவும், எங்கள் ஆட்டக்காரர்கள், எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்கள். வேண்டாம், நிறுத்துங்கள் என்று. பல ஆயிரம் மைல் தள்ளி வந்து குடியேறிய எனக்கு, யாரோ நேரே வீட்டுக்குள் வந்து கையைப் பிடித்ததுபோல் இருந்தது.

"ஆரடா விழுந்தது?" என்று அம்மா கேட்டார்.

"மற்றப் பக்கத்து ஆள், அம்மா."

"தாய் பார்த்துக்கொண்டெல்லோ இருப்பாள்" என்றார்.

டுரான்ட் 2014-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியபோது, மேடையில் அழுதுகொண்டே, உண்மையில் இது உனக்குத்தான் என்று தன் தாயைப் பார்த்துச் சொன்னவர். அது அம்மாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும்.

மகன் டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் அப்பா கைதட்டினீங்கள்?" என்று கேட்டான். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. வடை கொண்டுவருகிறேன் என்று மேலே போய்விட்டேன்.

சமையலறையில் நின்றபோது என் முதுகு ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன், வேறொரு வேலைத்தலத்தில், பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் ஆறு வாரம் என்றார். வீட்டுக் கடன் தவணை இருந்தது. மூன்றாம் வாரமே போய் நின்றேன். நாலாம் நாள் மறுபடி விழுந்தேன், அப்புறம் நான்கு மாதம் படுக்கை. நான் விழுந்த அன்றே என் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்க மூன்று பேர் வரிசையில் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் தவணை இருந்திருக்கும். ஆனால் அவர்கள்கூடக் கைதட்டவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம், 106-105. எங்களுக்கு ஒரு புள்ளி ஒன்றும் புதிதில்லையே. டுரான்டுக்குக் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது என்று பின்னர் தெரிந்தது. அறுவை சிகிச்சை. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அன்றிரவு கோல்டன் ஸ்டேட்டின் பொது மேலாளர் பாப் மையர்ஸ் செய்தியாளர்கள் முன் கண்கலங்கி, யாரையாவது குற்றம் சொல்லவேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள் என்றார். வேலைத்தலத்தில் அப்படிச் சொல்லும் அதிகாரியை நான் கண்டதில்லை.

ஆறாவது ஆட்டம் ஜூன் 13, ஓக்லாண்டில். அதே பேஸ்மென்ட், அதே ஆட்கள். தாம்சன் 28 புள்ளி எடுத்துத் தனியாளாக எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் கால்பகுதியில் வளையத்துக்குப் பாய்ந்து எழும்பியவர் இடது முழங்கால் மடங்க விழுந்தார். அவர் போனால் கோப்பை எங்களுக்குத்தான். அது எல்லோருக்கும் தெரியும். பேஸ்மென்டில் ஒரு சத்தமில்லை. நான் மகன் பக்கம் திரும்பவில்லை, என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்திருந்தேன். தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பாதிவழியில், இரண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி இருக்கிறது, அவரே எறியாவிட்டால் இனி ஆட்டத்துக்குள் வரமுடியாது என்று தெரிந்ததும், மனிதர் திரும்பி வந்தார். இரண்டையும் போட்டார். மச்சான் எழுந்து நின்று கைதட்டினார். எதிரணிக்கு அவர் கைதட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

114-110. வென்றோம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஓர் அணி அந்தக் கோப்பையை எடுத்தது அதுவே முதல்முறை. விடியவிடியத் தெருவில் கார் ஹாரன். ஜமைக்காக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு போன் எடுத்து, ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். சந்தோஷம் இல்லாமல் இல்லை, பொய் சொல்லமாட்டேன். 24 வருடக் காத்திருப்பு.

மறுநாள் பிலிப்பைன்ஸ்காரர் பத்துப் பொதி கொத்துரொட்டியோடு வந்தார். எனக்கு மட்டன். "டுரான்டும் தாம்சனும் நின்றிருந்தால்..." என்று ஆரம்பித்தார். வழக்கமாக இதற்கு என்னிடம் பத்துப் பதில் இருக்கும். லெனர்டும்தான் நொண்டிக்கொண்டு ஆடினார், மில்வாக்கியை அடித்தவர்கள் நாங்கள், இப்படி. அன்று, "இருந்திருந்தால் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். சண்டைக்கு வந்த மனிதர்.

அந்தத் தாள் கொஞ்ச நாள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. ஜூலையில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார். மகன் அலுமாரியைத் திறந்து, டிரோசன் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோள் இறுக்கமாகிவிட்டது.

தாம்சன் திரும்பி வர 941 நாள் ஆனது. முழங்கால் ஆறுகிற நேரத்தில் மற்றக் காலில் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. 2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் அணியின் ஆட்டமே இல்லை. கோல்டன் ஸ்டேட்டும் கிளீவ்லாண்டும். நான் மறுநாள் வேலைக்காகப் படுக்கப் போய்க்கொண்டிருந்தேன். "அப்பா, கீழ வாங்கோ, அவர் வந்திட்டார்" என்று மகன் கூப்பிட்டான். குரல் உடைந்து, என்னைவிட உயர்ந்துவிட்டான். எவர் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாம்சன் உள்ளே பாய்ந்து பந்தைப் போட்டார். நான் கைதட்டினேன். மகன் திரும்பி ஒருமுறை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.