எண்ணாமல் எழுதிய இருபது

செவிலியர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்றபோது, வாரந்தோறும் ஓர் அனுபவக் குறிப்பேடு எழுதி ஆசிரியையிடம் தர வேண்டியிருந்தது. கிரஹாம் கிப்ஸ் என்பவர் 1988இல் வகுத்த ஆறு படிகளின்படி அதை எழுத வேண்டும்: நடந்தது என்ன, அப்போது என்ன உணர்ந்தேன், எது நன்று எது தவறு, ஏன் அவ்வாறு நேர்ந்தது, வேறு என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன். மதிப்பெண்ணுக்கான மற்றொரு வேலை என்றே நான் அதைக் கருதியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் 12 நோயாளிகளின் உடல்வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பதியும் பொறுப்பு எனக்கு வந்தது. மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் பார்த்து எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை நான் எவருக்கும் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று படித்திருந்தேன்; எல்லோருக்கும் 20 என்று எழுதி முடித்தேன்.

சற்று நேரத்தில் பணியிலிருந்த செவிலியர் ஒரு மூதாட்டியின் கட்டிலருகே நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். 32. உடனே மருத்துவர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் அவர் தேறினார். "இனிமே எண்ணிப் பாத்து எழுதும்மா" என்பதற்கு மேல் அந்தச் செவிலியர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு விடுதியில், "மூச்சுத்திணறல் உள்ளவரைப் பராமரிக்கும் முறையைக் கற்றேன்" என்று அழகாக எழுதினேன். இஷா தொழுது கையேந்தியபோது மனம் ஒன்றவில்லை. என் வாப்பா கடையில் இரவுதோறும் கணக்கு முடிப்பார். பத்து ரூபாய் குறைந்தாலும் அதை எழுதாமல் பேரேட்டை மூடமாட்டார். ஹிஸாப் என்றால் கணக்கு. முஹாஸபா என்றால் தன்னைத் தானே கணக்குப் பார்த்தல். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்ஹாரிஸ் அல்முஹாஸிபிக்கு அப்பெயர் வாய்த்ததும் அதனால்தான். என் பேரேட்டிலோ குறைந்ததை மறைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். நான்காம் கேள்வியில் பேனா நின்றது. மூதாட்டியை ஒருவர் எண்ணிவிட்டார். மீதி 11 பேரை யார் எண்ணினார்கள்?

தன் குறையை மறைத்துக்கொள்ள மார்க்கம் இடம் தருகிறதே என்று நஃப்ஸ் வாதாடியது. ஆனால் இதில் அடியார்களின் உரிமை கலந்திருந்தது. நோயாளியின் பதிவேடு அமானிதம். மதிப்பெண்ணுக்காக வருத்தத்தை அலங்கரித்து எழுதினால் அது ரியாவாகிவிடும் என்றும் அஞ்சினேன். ஆகவே நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ இன்றி, நான்கே வரிகளில் நடந்ததை எழுதினேன்.

விடிந்ததும் ஆசிரியையிடமும் செவிலியரிடமும் உண்மையைச் சொன்னேன். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. என்னுடன் ஒவ்வொரு கட்டிலுக்கும் வந்து, நான் எண்ணி முடிக்கும்வரை நின்றார். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் தீங்கு நேர்ந்திருக்கவில்லை. எனினும் என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகளே, குறிப்பேட்டை ஆசிரியர் வாசிக்கும் முன்பே ரப்பு அறிந்திருக்கிறான். எழுதக் கூசும் அந்த வரியை முதலில் எழுதிவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் கணக்கையும் எளிதாக்குவானாக. ஆமீன்.