சின்ன வெள்ளைக் குளிசை

ஹரோ, லண்டன்

அன்பின் ஊராருக்கு,

போன ஞாயிறு காலை ஏழு மணி. இங்கே தெருவில் ஒரு குஞ்சு குருமானும் எழும்பவில்லை. ஊரில் அப்போது பதினொன்றரை. குசினியில் கேத்தல் கொதிக்க, போனில் ஊர் வானொலியைத் திறந்துவிட்டுப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். நேயர்கள் கேட்க, டொக்டர் ஒருவர் பதில் சொல்லும் நிகழ்ச்சி. "சாய்ந்தமருதிலிருந்து ஒரு சகோதரி" என்றார் அறிவிப்பாளர். சகோதரி பேசத் தொடங்கினா. பாதிப் பாணில் கத்தி நின்றுவிட்டது.

என்ட ராத்தா.

பெயர் சொல்லவில்லை. ஊரையும் மாற்றித்தான் சொல்லியிருந்தா. எங்கள் வீடு கல்முனைக்குடி. ஆனால் ஐம்பது வருடமாக நான் பயந்து நடக்கிற குரல், எனக்குத் தெரியாதா?

"டொக்டர், கால் ரெண்டும் பஞ்சுல மிதிக்கிற மாதிரிக் கிடக்கு. ராவைக்கு எரியிது."

"நடக்கக்குள்ள செருப்பு கழண்டு போனா உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார் டொக்டர்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியிதில்ல டொக்டர். போன கிழமை கடைக்குப் போய் ஒத்தச் செருப்போடதான் ஊட்ட வந்திருக்கன். புள்ளயள் சிரிச்சிட்டுகள்."

"சீனிக்கு என்ன மருந்து போடுறீங்க?"

"வெள்ளக் குளிசை டொக்டர். சின்னது. காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு."

டொக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி. பார்மசியில் பாதி வெள்ளைக் குளிசைதான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு விளங்கப்படுத்தினார். சீனி பல வருடம் கூடி நிற்கும்போது கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. ராவில் படுக்கமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெறுங்காலோடு வாசலுக்கும் இறங்காதீர்கள், சுடுதண்ணியில் கால் வைத்தால் சுகம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், காலைத் தூக்கிக் காட்டுங்கள். இவ்வளவும் நாலு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நேயர் மருதமுனையிலிருந்து, பிள்ளையின் இளைப்பு பற்றி.

ஒவ்வொரு வெள்ளியும் நான் ராத்தாவுக்கு எடுக்கிறேன். "சீனி எப்பிடி?" "அல்ஹம்துலில்லாஹ், நூத்தியெண்பது." அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல், பதினெட்டால் பிரித்தால் பத்து வரும். அந்தக் கணக்கைச் செய்துவிட்டு, தம்பி என்ற கடமை முடிந்தது என்று வைத்துவிடுவேன். கால் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்றைக்கே எடுத்தேன். முதலில் "ஆரு, நானா? ரேடியோவிலயா?" என்று மழுப்பினா. பிறகு கோபம் வந்தது.

"உன்னட்டச் சொல்லி? நீ டொக்டரா? லண்டனில இருந்து கவலப்படுவாய், அவ்வளவுதான். கிளினிக்குக்கு விடிய ஆறு மணிக்குப் போய்க் கொப்பிய வெச்சா எண்பத்தாறாம் நம்பர். எண்பத்தஞ்சு பேரப் பாத்த மனுசன், பாவம், தல நிமித்த நேரமில்ல. அதுக்குள்ள நான் போய்க் காலத் தூக்கிக் காட்டுறதா? ரேடியோவில எண்டா நாம சொல்லி முடிக்கும்வரைக்கும் கேக்காங்கதானே."

இந்தக் கடைசி வசனத்தை இந்தக் கிழமை முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

நம்மூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நாட்டில் மாவட்டம் 25, ஆனால் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கில் பிராந்தியம் 26. அந்த இருபத்தாறாவது நாங்கள். டெங்கு அறிக்கையில் அம்பாறை ஒரு வரி, கல்முனை தனி வரி. ஒரே ஊருக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, கல்முனை வடக்கு மற்றது. இரண்டு எதற்கு என்பது அரசியல். இந்த மடலில் அதைத் தொடமாட்டேன். பிரதான வீதியில் டிஸ்பென்சரிகள், சனல் பண்ணுகிற இடங்கள், பத்துக் கடைக்கு ஒரு பார்மசி. ராத்தாவின் காய்ச்சலை ஒரு டிஸ்பென்சரிக்குத் தெரியும், முழங்காலை ஒரு விசேட வைத்திய நிபுணருக்குத் தெரியும், சீனியைக் கிளினிக்குக்குத் தெரியும், வயிற்றெரிச்சலைப் பார்மசிப் பொடியனுக்குத் தெரியும். ராத்தாவைத் தெரிந்த ஒருவர் இல்லை.

முன்பு இருந்தார். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர், என் நெஞ்சில் குழாயை வைக்க முதலே "இது உன்ட மூத்தாப்பாட இளைப்பு" என்றார். கொப்பியும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. மூன்று தலைமுறை நெஞ்சுச் சத்தம் அவர் காதில் இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அவர் தடிமனுக்கும் தலையிடிக்கும் ஒரே சிவப்பு மருந்துத் தண்ணியைத்தான் தந்தார், ஊசி போடாமல் விட்டால் சனம் நம்பாது என்று தேவையில்லாத ஊசியும் போட்டார். குளிசையைப் பெயரில்லாத கவரில் போட்டுத் தரும் பழக்கமும் அவரைப் போன்றவர்கள் தொடக்கி வைத்ததுதான். ஆனால் ஒத்தச் செருப்போடு ஒரு பொம்பிளை அவர் வாசலைத் தாண்டிப் போனால், கூப்பிட்டு இருத்தியிருப்பார்.

ஒரே டொக்டரோடு இப்படிப் பழகுவதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நோர்வேயில் நாட்டிலுள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் பெயர் குறித்த ஒரு குடும்ப வைத்தியர் உண்டு. அங்கே பதிவேடுகளை வைத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் போனவர்களை, அவரிடம் வந்து ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், ஆஸ்பத்திரியில் அவசரமாக அனுமதிக்கப்படுவதும் மரணமும் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் தாழ்ந்திருந்தன. புது மருந்து ஒன்று இவ்வளவு வேலை செய்திருந்தால் கொம்பனிகள் அதை என்ன விலைக்கு விற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இருக்கிற நாடு இதற்கு உதாரணம் என்று ஊரில் நினைக்கிறீர்கள். 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையில் ஒவ்வொருவரும் ஜீ.பீ. என்ற குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்றொரு டொக்டர் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்து, வருத்தம் என்று வராதவர்களையும் தேடிப்போய் பிரஷர் பார்த்தார். வைத்தியம் அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதி உலகப் பெயர் வாங்கியவர் அவர். என் கதையோ வேறு. காலை எட்டு மணிக்கு போன் வரிசையில் நின்று, பத்து நிமிடச் சந்திப்பு எடுத்து, கடைசி நாலு தடவையும் நாலு டொக்டரைப் பார்த்தேன். நாலு பேரும் கொம்பியூட்டரைப் பார்த்துத்தான் என்னைப் பற்றி அறிந்தார்கள். இங்கே பெட்டிக்கு என்னைத் தெரியும், ஆளுக்குத் தெரியாது. அங்கே பெட்டியும் இல்லை.

அங்கே இருப்பது கிளினிக் கொப்பி. என்ன வருத்தம், என்ன மருந்து, எவ்வளவு சீனி, எல்லாம் கடையில் வாங்கிய அந்தப் பள்ளிக்கூடக் கொப்பியில். அது தொலைந்தால் மனிசனின் பாதி வரலாறு தொலைந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர் போனது. அந்தக் கணக்குக்கு முன்னால் கொப்பியைப் பற்றிப் பேச வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். இரண்டு கிழமை கழித்து நான் வந்து சேர்ந்தபோது, உம்மா அகதி முகாமாகிய பள்ளிக்கூடத்தில் வெளியூர் டொக்டர் ஒருவர் முன்னால் இருந்தா. "என்ன மருந்து பாவிச்சீங்க?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார். உம்மா கையை விரித்து, விரல் நுனியில் அளவு காட்டினா. "சின்ன வெள்ளக் குளிசை மனெ. கொப்பி கடலோட போயிட்டு."

இருபது வருடம் கழித்து மகளும் வானொலியில் அதே வார்த்தையைத்தான் சொல்கிறா.

ஆளைத் தெரிந்து தொடர்ந்து பார்ப்பதை ஒரு விசயத்தில் நம் நாடு சரியாகச் செய்திருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய நாளிலிருந்து, ஒரு பகுதிக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர், வீடு வீடாக வருகிறார். ராத்தா மூன்று பிள்ளை பெற்றபோது மூன்றுக்கும் ஒரே மிஸ்தான் வந்தா. எந்த ஒழுங்கைக்குள் யாருக்கு எத்தனையாம் மாதம் என்று அவவுக்கு மனப்பாடம். பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்கள் இன்றும் அலுமாரியில் ஓதுகிற கிதாபுகளோடு இருக்கின்றன. ஆனால் பிள்ளை பெற்று முடிந்த பொம்பிளையின் வாசலுக்கு யாரும் வருவதில்லை. நம்மைக் கொல்கிற வருத்தம் மாறிவிட்டது, வீட்டுக்கு வருகிற ஆள் மாறவில்லை. 2005 வாக்கில் எடுத்த ஆய்வில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்குச் சீனி. 2018-19 ஆய்வில் நூற்றுக்கு 23 பேர். பிளேன்டீக்கு மூன்று கரண்டி போட்டுக்கொண்டு நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமலில்லை. கிட்டடியிலுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் சனத்தைப் பதிந்து அங்கேயே தொடர்ந்து பார்ப்பது என்ற திட்டத்துக்கு 2018இல் உலக வங்கி 200 மில்லியன் டொலர் கொடுத்தது. பிறகு கொவிட் வந்தது, 2022இல் நாடு வங்குரோத்தானது, மருந்து தட்டுப்பட்டது, டொக்டர்மார் பெட்டி கட்டினார்கள். சிலர் இங்கே என் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல, அவர்களுக்கு முன்னாலேயே பெட்டி கட்டிய எனக்கு வாயில்லை.

தெரிந்த டொக்டர் இல்லாத இடத்தில் கதைதான் டொக்டர். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் கடையில் சாப்பாட்டுக்குள் மலட்டுக் குளிசை போடுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பி, அன்றிரவே பள்ளிவாசலை உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அப்படியொரு குளிசை உலகத்திலேயே கிடையாது. ஆனால் பெயர் தெரியாத குளிசையை விழுங்கிப் பழகிய நாட்டில் யாரும் எதையும் நம்புவார்கள். கொவிட் காலத்தில் பயம் நம் பக்கம் வந்தது. 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிக்கச் சொல்லி வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்படும்வரை காய்ச்சல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த வீடுகளை எனக்குத் தெரியும். அப்போதும் சனம் காது கொடுத்தது வானொலியில் கேட்ட நம்மூர்க் குரலுக்குத்தான்.

அதனால்தான் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையோ, நம் பக்கத்துப் பிறை எஃப்.எம்மோ, ஒரு டொக்டரைக் கூட்டிவந்து இருத்தினால் அதைச் சின்ன விசயமாக நான் எடுப்பதில்லை. விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது, எழுபதுக்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், மருந்தை மாற்றுவதென்றால் றமழானுக்கு முதலே டொக்டரிடம் போக வேண்டும். இதை நம் பேச்சில், நம் பள்ளிவாசல் நேரக் கணக்கில் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் வானொலிக்குக் கண்ணில்லை. ராத்தாவின் உள்ளங்காலை அது பார்க்காது, அடுத்த ஞாயிறு அவவை ஞாபகமும் வைத்திருக்காது.

கோபம் ஆறியபின் ராத்தாவிடம் ஒரு உதவி கேட்டேன். கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். மருமகள் இருந்து நாற்பத்தொரு படம் அனுப்பினாள். குளிசைகளின் பெயர்களைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டேன். இரண்டு வெள்ளை, ஒன்று மஞ்சள். ஒன்று சீனிக்கே இல்லை, பிரஷருக்கு. காலைப் பற்றி ஒரு வரி எங்கேயும் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் டொக்டருக்கு முன்னால் இருப்பேன் என்று வாக்குத் தந்திருக்கிறா.

கடைசிப் படம் கொப்பியின் பின்னட்டை உட்பக்கம். ராத்தாவின் கையெழுத்தில் கடைக் கணக்கு: சம்பா பத்து கிலோ, பருப்பு ஒன்று, சீனி மூன்று.