மூன்றாம் புரூஃப்

திருவல்லிக்கேணியில் அச்சகங்கள் குறைந்துவிட்டன. புத்தகம் தயாராகும் அறைகள் குறையவில்லை. பாரதி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடிப்படி ஏறினால், இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், சன்னலோரம் ஒரு மேசை. நான் பார்க்கப் போன பெரியவர் அங்கே இருந்தார். ஈய எழுத்துகளைக் கோத்த கம்பாசிட்டர் அவர்; எழுத்தைத் தலைகீழ்ப் பிம்பமாகப் படித்துப் பழகிய கண். லெட்டர் பிரஸ் மூடியபின் மெய்ப்புப் பார்க்க வந்துவிட்டார். “உட்காருங்க தம்பி, இந்த பாரத்தை முடிச்சிடறேன்” என்றார். ஒரு பாரம் என்றால் 16 பக்கம். முடிக்க மதியமாகிவிட்டது.

வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து நகர்த்துகிறார். வாய்க்குள் ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுக்கிறார். “கதை நல்லா இருந்தா எனக்குக் கஷ்டம். கண்ணு ஓடிடும்.” அதனால் முதல் புரூஃபில் எழுத்தை மட்டும் பார்ப்பார், இரண்டாவதில் ஒற்று, நிறுத்தக்குறி, மூன்றாவதில், போட்ட திருத்தமெல்லாம் ஏறியிருக்கிறதா, ஏற்றும்போது புதுப்பிழை முளைத்திருக்கிறதா என்று. க்ரியா அகராதியும் அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ நூலும் அட்டை பிய்ந்து பக்கத்தில் கிடந்தன.

பிழை எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்டேன். எழுத்தாளர்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணினி முன்னால் இருந்த பெண்ணிடம், “அந்த சிவராமன் கதைய இவருக்குச் சொல்லும்மா” என்றார். ஒரு நாவலில் ‘ராமன்’ என்று வரும் இடமெல்லாம் ‘இராமன்’ என மாற்றச் சொன்னாராம் ஆசிரியர். ஒரே சொடுக்கில் மாறியது. கூடவே சிவராமன் ‘சிவஇராமன்’ ஆனார், ஜெயராமன் ‘ஜெயஇராமன்’ ஆனார். இரண்டு புரூஃபும் பார்த்து முடித்தபின் நடந்த வேலை இது. அப்படியே அச்சேறிவிட்டது. கெட்ட பெயர் பெரியவருக்கு.

இந்த வகைப் பிழைகளுக்குக் கணக்கில்லை. பேஜ்மேக்கரில் நீண்ட சொல் வரியில் அடங்காவிட்டால் நடுவில் ஓர் இடைவெளி தட்டிக் கீழே தள்ளுவார்கள். பிறகு எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் நகரும்; அந்த இடைவெளி வரியின் நடுவில் வந்து நின்று சொல்லை இரண்டாக்கும். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது மேற்கோள்குறி வேறேதோ எழுத்தாகிவிடும். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருந்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாது. மின்னூலில் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது.

வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள்மேல் பெரியவருக்குப் பகையில்லை. அவற்றில் ஓட்டியபிறகே தாளைக் கையில் வாங்குகிறார். ஆனால் இரங்கல் கூட்டத்தை ‘இறங்கல் கூட்டம்’ என்று அடித்திருந்தால், சொல்சொல்லாகப் பார்க்கும் மென்பொருள் என்ன செய்யும்? இறங்கலும் சொல்தானே. ‘தந்த பலகை’யில் ஒற்று வேண்டுமா என்பதும் அப்படித்தான். யாரோ தந்த பலகையா, யானைத் தந்தத்தால் ஆனதா என்று வாக்கியத்தைப் படித்த ஆள்தான் சொல்ல முடியும்.

பழைய புத்தகங்களிலும் பிழை உண்டு. 1849இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பிழையற்றவை என்ற பெயர் தனியாக இருந்ததே, மற்றவை எப்படியிருந்தன என்பதைச் சொல்லிவிடும். ஆனால் அன்று ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பக்கத்தை நூலோடு சேர்த்தார்கள். இன்று பிழை இருக்கிறது, அந்தப் பக்கத்தைத்தான் காணோம்.

நவம்பர், டிசம்பரில் இந்த அறையில் உட்கார இடமிருக்காதாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. எல்லாருக்கும் அதற்குள் புத்தகம் வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது மூன்றாம் புரூஃப். அதற்குத் தனிக்கூலி வேண்டும், கூடுதல் நாளும் வேண்டும். இத்தனைக்கும் கூலி பக்கக் கணக்குதான். ஒரு பக்கக் கூலியில் ஒரு டீ குடிக்க முடியாது. அட்டைப்படத்துக்கும் வெளியீட்டு விழா மண்டபத்துக்கும் யோசிக்காமல் செலவழிக்கிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்கிறார்கள். நம் புத்தகப் பிழைகளில் பெரும்பகுதி இந்த மிச்சத்தின் விளைவு என்றே நினைக்கிறேன்.

உரிமைப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர், அச்சிட்டவர் பெயரெல்லாம் இருக்கிறதே, உங்கள் பெயரையும் போடச் சொல்லலாமே என்றேன். சிரித்தார். “வேணாம் தம்பி. மூணாவது புரூஃபைக் காட்டாம பேரை மட்டும் போட்டா, திட்டு எனக்குத்தான் வரும்.”

இப்போது பல பதிப்பகங்கள் ஆயிரக்கணக்கில் அடித்து அடுக்குவதில்லை. தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிடுகின்றன. அடுத்த அச்சுக்குமுன் கோப்பைத் திருத்துவது சில நிமிட வேலை. ஆகவே பிழை கண்ணில்பட்டால் சலித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பக்க எண், வரி, என்ன இருக்க வேண்டும் என்ற மூன்றையும் குறித்துப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.