ஆறாவது ‘பி’

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. சுற்று வட்டாரத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளெல்லாம் இந்த ஆண்டு என் வகுப்பில். முப்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றிருந்த பள்ளிகளில் படித்தவர்கள். அங்கே ‘பெரிய பிள்ளை’ என்றால் இவர்கள்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிட்டு, டிராயர் பட்டன் போட்டுவிட்டு நிர்வாகம் பண்ணியவர்கள். இங்கே பத்தாம் வகுப்புப் பையன்கள் கூட்டமாக வந்தால் சுவரோரம் ஒண்டுகிறார்கள்.

சிலருக்கு எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், பெயர் இன்னும் பழைய பள்ளியிலேயே நிற்கிறது. அங்கிருந்து ‘காமன் பூல்’ என்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ளினால்தான் நான் இங்கே எடுக்க முடியும். அதுவரை ஆள் பெஞ்சில் இருந்தாலும் கணினியில் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டாம் பீரியட் மணி அடித்ததும் நாலைந்து பேர் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பள்ளி விட்டாச்சு என்று நினைப்பு. காலையிலிருந்து மாலைவரை ஒரே டீச்சர் முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒருவர் வந்து போவது புரியவில்லை. கணக்கு சார் கேட்டது ‘ரஃப் நோட்’. ஒருத்தி அறிவியல் நோட்டை நீட்டி அடி வாங்கியவள் மாதிரி நின்றாள்.

இந்த வாரம் என் தமிழ்ப் பீரியடில் பாடம் கிடையாது. பள்ளிக்கூடம்தான் பாடம். தலைமையாசிரியர் அறை, சத்துணவுக் கூடம், குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, படம் வரையச் சொல்லப்போகிறேன். “முதல் பருவப் பாடத்தை எப்ப முடிப்பீங்க மிஸ்?” என்று ஓய்வறையில் கேட்டார்கள். முடித்துவிடலாம். இது தெரியாத பிள்ளைக்கு செய்யுளும் ஏறாது.

ஜூன் 5, வியாழன்

காலை வழிபாட்டில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். வெயில் என்றார்கள். நிழலில் உட்காரவைத்து விசாரித்தால், “சாப்பிடலை மிஸ்.” ஏன்? “இங்க குடுப்பாங்கன்னு நினைச்சேன்.”

2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட காலை உணவு இவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பள்ளியிலேயே சாப்பிட்டவர்கள். மதியச் சாப்பாடு பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலைச் சாப்பாடு ஐந்தோடு நின்றுவிடுகிறது. பத்து வயதுவரை இருந்த பசி பதினோரு வயதில் எங்கே போய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை. நூறு நாள் வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடும் அம்மாக்களுக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. வகுப்பில் கை தூக்கச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் சாப்பிட்டதாகத்தான் சொல்வார்கள். நோட்டுத் திருத்தும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். அலமாரியில் ஒரு டப்பா கடலை மிட்டாய் வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பெற்றோரை வரச்சொல்லியிருந்தேன். முதலில் காலைச் சாப்பாட்டு விஷயம். பிறகு, 7.5 விழுக்காடு மருத்துவ ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததுதான் கணக்கு என்று சொன்னேன். இடையில் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்திருந்த ஒரு தாத்தா, “அப்ப இங்கேயே கிடக்கட்டும்” என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

இப்போது ‘வாட்டர் பெல்’ வேறு. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி. நல்ல திட்டம்தான், ஆனால் இருக்கிற மணிகளையே இப்போதுதான் பிரித்தறியத் தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்றாம் பெஞ்சுப் பெண்ணின் பாட்டில் மட்டும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டேன். வெகுநேரம் தோளைச் சொறிந்துகொண்டே நின்றவள், “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்ல மிஸ்” என்றாள். கழிப்பறை வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்களாம். ஒன்றும் செய்வதில்லை, பார்க்கிறார்களாம். அந்தக் கூட்டத்திலேயே வாயாடியான ஒருத்தியைப் பிடித்து, “இடைவேளையில் என் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டியது உன் பொறுப்பு” என்று ஒப்படைத்தேன். தலைமையாசிரியரே ஆணை போட்ட மாதிரி நிமிர்ந்துவிட்டாள்.

ஜூலை 10, வியாழன்

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ‘திறன்’ பயிற்சிக்காக வாசிக்கவைத்துப் பார்த்தோம். எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் தனி அறையில் உட்காரவைத்தால் மற்றவர்கள் பெயர் வைத்துவிடுவார்கள் என்பதுதான் கவலை.

ஜூலை 16, புதன்

நேற்று காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, மிட்டாய். ஒரு வாரமாக வராத பையன் நேற்றும் வரவில்லை. இன்று மாலை அவன் ஊருக்கே போனேன். ஆட்டுக்குட்டிகளோடு வந்தான், என்னைக் கண்டதும் ஆடுகளை விட்டுவிட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய்விட்டான்.

அம்மாதான் பேசினார். “நோட்டு தொலஞ்சுபோச்சாம் டீச்சர். அங்க அஞ்சாறு வாத்தியாரு இருக்காங்க, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலங்குறான்.”

“எதுன்னாலும் என்கிட்ட சொல்லச் சொல்லுங்கம்மா. நான்தான் அவன் கிளாஸ் டீச்சர்” என்றேன், படப்புக்குக் கேட்கிற மாதிரி. புது நோட்டைத் திண்ணையில் வைத்தேன். பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். நாளைக்கு எட்டேகால் டவுன் பஸ்ஸில் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறான்.